பெரிய வியாழன் தண்ணீர்

யூதாஸ் நாற்காலி எனக்குத்தான் என்று எங்கள் ஊரில் எழுதி ஒட்டாத குறை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்த மாதிரி சாமியார் பன்னிரண்டு ஆண்களுக்குக் கால் கழுவுவார். பன்னிரண்டு சீடர்களுக்குப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பீடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஆறும் அந்தப் பக்கம் ஆறுமாக எதிரெதிரே போட்டிருப்பார்கள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடைசிச் சவாரியை இறக்கிவிட்டு, அவசரமாகக் குளித்து, வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் மிச்சம் இருப்பது கடைசி நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்த பாவத்துக்கு வருஷம் முழுக்க டீக்கடையில் "வாடா, காட்டிக்குடுத்தவனே" என்பார்கள். யாராவது ஒருத்தன் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? நான் சண்டைக்குப் போவதில்லை.

முதல் நாற்காலி சீடர்களுக்குத் தலைவரான இராயப்பருக்கு. அது சவுரிராயன் அண்ணனுடைய இடம். அவர் கொத்தனார். ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி அவர் கை படாத வீடு குறைவு. கோயில் முகப்பும் அவர் கட்டியதுதான். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப எந்தச் சாமியாருக்கும் தைரியம் வந்ததில்லை. முதலும் கடைசியும் நேருக்கு நேர் வரும் என்பதால் பூசை முழுக்க நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அவர் இருமினால் நான் திரும்பிப் படுப்பேன். அவ்வளவு நெருக்கம்.

போன வருஷத்துக் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் அண்ணன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வலது செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் ஓர் ஆணி. சென்ட்ரிங் பலகையில் அடிக்கிற நீட்டு ஆணி. செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் போயிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியாடா பிரான்சிஸு, ஆணி ஏறுனதுகூடத் தெரியல. கல்லுக் காலுடா இது!"

ஊரெல்லாம் அதைச் சொன்னார். நாங்களும் ஆச்சரியப்பட்டோம். ஆணி குத்தினால் வலிக்க வேண்டும், வலிக்காதது பெருமை இல்லை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டோம்.

புண் ஆறவில்லை. கேட்டால், சிமெண்ட் அரித்தது என்பார். கொத்தனார் காலில் சிமெண்ட் அரிக்காமல் வேறு என்ன அரிக்கும்? மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கித் தடவினார். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கொத்தனார் சாக்ஸ் போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? சித்தாள்கள் சிரித்தார்கள். "வெளிநாட்டு வேலைக்குப் போறேன், பழகிக்கினு இருக்கிறேன்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவருடைய தம்பி ஆரோக்கியராஜ் சர்க்கரை வியாதியில் செத்தவன். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முட்டி, பிறகு ஆளே போய்விட்டான். அதிலிருந்து அண்ணனுக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போனான், காலு போச்சு. போவாத இருந்திருந்தா இன்னிக்கும் நடந்துகினு இருந்திருப்பான்." கால் கறுத்து வீங்கிய பிறகுதான் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். தூக்கிய நாலு பேரில் நானும் ஒருத்தன், அண்ணனும் ஒருத்தர். ஆனால் அவர் அதை இப்படிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிட்டார். டீக்கடையில் போய் நின்றால் கடைக்காரருக்கு மட்டுமா கேட்கும், ரோட்டுக்கே கேட்கும்: "மூணு ஸ்பூன் போடுய்யா. எனக்கு இன்னா சுகரா இருக்குது?"

அவர் மகள் புனிதா விழுப்புரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கைப்பையில் சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷினோடு வருவாள். அண்ணன் அவள் கைப்பையைப் பார்த்தவுடனேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஒருநாள் அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சொட்டுப்பா. ஒரே ஒரு சொட்டு. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்."

"என் ரத்தத்த எடுக்கறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"இல்லன்னு வந்துட்டா நல்லதுதானேப்பா."

"இல்லாததுக்கு எதுக்குப் பாக்கணும்? சும்மா இருக்கறவன இஸ்துனு போயி நோயாளியாக்கப் பாக்குறியா? தம்பிய முடிச்சீங்க, இப்ப எனக்கா?"

அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு அம்மாவைப் பார்த்தாள். ஜெசிந்தா அண்ணி அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அவுருதான் வேணான்றாரே, வுடும்மா," என்றாள்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரி. அடுப்பங்கரைக்கு வெளியே நின்றுகொண்டே "உள்ள சோறு அடிப்பிடிக்கப் போவுது பாரு" என்று சொல்லுவாள். போய்ப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கும். அப்படிப்பட்ட மூக்கு. அந்த மூக்குக்காரிதான் தவக்காலத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வூட்ல எங்கியோ எலி செத்துக் கெடக்குது. பீரோவ கொஞ்சம் நகத்திக் குடு."

உள்ளே போனேன். நாற்றம்தான். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே போர்வையைப் போட்டுக்கொண்டு, மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மல்லாட்டை மூட்டைக்குப் பின்னாடி பாரு. ஆங், அத்த இஸ்து. பரண்மேல ஏறிப் பாருடா." பீரோவை நகர்த்தினேன். அந்தக் கடலை மூட்டைகளை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டேன். பரணில் இருந்த பழைய பாத்திரமெல்லாம் கீழே வந்தது. எலி இல்லை, எலிப் புழுக்கைகூட இல்லை. நானும் மூக்கு உள்ளவன்தான். பீரோ பக்கம் போனால் நாற்றம் குறைந்தது. கட்டில் பக்கம் வந்தால் கூடியது. அண்ணி கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கவே இல்லை. வீட்டில் பார்க்காமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

"இன்னாடா, கெடைக்கலியா?" என்றார் அண்ணன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மிரட்டுகிற கண்தான். ஆனால் அதற்குள் ஒரு கெஞ்சல் இருந்தது.

"சுவத்துப் பொந்துல மாட்டிக்கினு செத்திருக்கும்ணா. காஞ்சா போயிடும்," என்றேன்.

"அதான்," என்றார். "அதான்," என்றாள் அண்ணியும். சாம்பிராணி போட்டாள். ஃபினாயில் தெளித்தாள். மறுநாளும் போட்டாள். ஒற்றைச் சுவர்தானே, சாம்பிராணிப் புகை என் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது.

பெரிய வியாழன் வந்தது. வலது காலைக் கழுவுவதுதான் எங்கள் கோயில் வழக்கம். சீடர்கள் வெறுங்காலோடு வலது பாதத்தை நீட்டுவார்கள். சாமியார் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தம் கொடுப்பார். அண்ணன் அந்த வருஷம் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வலது காலில் புத்தம் புதுத் துணி சுற்றி, அதன்மேல் ஒரு பெரிய பிளாஸ்டர். அதை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, இடது காலை நீட்டினார். வந்து மூன்று மாதமே ஆன இளம் சாமியார் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"சிமெண்ட் அரிச்சிடுச்சி சாமி. எந்தக் காலா இருந்தா இன்னா, கால்தானே," என்றார் அண்ணன். முன் வரிசையில் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டே இடது காலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

தண்ணீர், கோயில் மாடியில் இருக்கிற கறுப்புத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகப் பிடித்து வைத்தது. வெயில் காலத்தில் அந்தத் தொட்டித் தண்ணீர் பொழுது சாய்ந்த பிறகும் கொதிக்கும். தண்ணீர் எடுத்து வைக்கிற கோயில் வேலைக்காரர் கோயில்பிள்ளை அதை யோசிக்கவில்லை. சாமியார் அண்ணனுக்கு ஊற்றினார், துடைத்தார், முத்தம் கொடுத்தார். அண்ணன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்த நாற்காலியில் ரிட்டயர் ஆன வாத்தியார். அவர் காலில் தண்ணீர் பட்டதும் "ஐயய்யோ சாமி!" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கோயிலே சிரித்தது. சாமியார் கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்தார். அப்படியும் ஒவ்வொருத்தரும் ஸ்ஸென்று நெளிந்தார்கள். என்னிடம் வருவதற்குள் ஆறியிருக்க வேண்டும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணனைச் சுற்றிக் கூட்டம். "பதினோரு பேரும் துள்ளுனானுங்க. சவுரி மட்டும் அசையலியே. பக்தின்னா அது!" அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். புனிதாவும் அன்றைக்கு ஊரில் இருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, தண்ணி சுட்டுச்சாப்பா?"

"சுட்டுச்சிதான். நான் பொறுத்துக்கினேன்."

"நல்ல காலும்மா அது," என்று அம்மாவிடம் திரும்பினாள். "புண்ணு இல்லாத காலு. அதுலயே அவருக்குத் தெரியல. ரெண்டு கால்லயும் உணர்ச்சி போயிடுச்சிம்மா. அந்தக் கட்ட அவுத்துப் பாக்கச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு."

அண்ணி கணவனைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள். "அதான் பொறுத்துக்கினேன்றாரு இல்ல. கோயில் வாசல்ல நின்னுகினு இன்னா பேச்சு இது," என்றாள். புனிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதபடியே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. தெருத்தெருவாகச் சிலுவைப்பாதை ஊர்வலம். தார் உருகுகிற வெயில். நாங்களெல்லாம் ரோட்டோரத்துப் புல்லைத் தேடித்தேடிக் கால் வைத்தோம். சவுரி அண்ணன் செருப்பில்லாமல், அந்தக் கட்டோடு நடுரோட்டில் நடந்தார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே நடந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஈஸ்டர் அன்று காய்ச்சலில் தன்னினைவு இல்லாமல் பிதற்றினார். என் ஆட்டோவில் போட்டுக்கொண்டு திண்டிவனம் ஓடினோம். அங்கே கட்டை அவிழ்த்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி தானாகவே சொன்னாள்.

"வூட்ல எலி செத்துப்போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தோம் சிஸ்டர்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போது அவளைத் தூக்கக்கூடக் கை வரவில்லை.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் முதலில் சொன்ன வார்த்தை, "போவாத இருந்திருந்தா ஆறியிருக்கும்." யாரும் மறுக்கவில்லை. கால் போன மனுஷனிடம் என்னவென்று மறுப்பது? வீட்டில் நாற்றம் போய்விட்டது. எலியைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை.

ஒரு வருஷம் போனது. அண்ணனுக்குச் செயற்கைக் கால் கொடுத்தார்கள். அதை மாட்டாமல் மூலையில் சாத்திவைத்துவிட்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்தார். அவருக்குச் சர்க்கரை ஊசி போடப் புனிதா அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். தினம் சாயங்காலம் இடது பாதத்தைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். புண் வராமல் இருக்க மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிவந்து கொடுத்தாள். "இது நோயாளி செருப்பு," என்று அண்ணன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "எடது காலு நல்லா இருக்குது. எறும்பு ஊர்றது தெரியுது எனக்கு."

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள், அண்ணி அந்தப் பாதத்தைப் பார்க்கும்போது குதிகாலில் ஒரு கொப்புளம். உடைந்து, உள்ளே சிவந்திருந்தது. காலையில் வாசலில் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது சுட்டிருக்க வேண்டும். எப்போது சுட்டது என்று கேட்டதற்கு, "தெரிஞ்சிதான் வச்சிருந்தேன், குளுருக்கு எதமா இருந்துச்சி," என்றார். அந்த வெயில் மாதத்தில் என்ன குளிர்? செய்தி கேட்டு புனிதா போனில் கத்தினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது, இந்தக் காலும் போய்விடும் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "உணர்ச்சி இல்லாத கால்லதான் புண்ணு பெருசாவும்னு நீதானே சொன்ன? எனக்கு உணர்ச்சி இருக்குது. வியாழக்கிழம சாமியாரு கால்ல தண்ணி ஊத்துவாரு. ஊரே பாக்கட்டும், எனக்குத் தெரியுதா இல்லியான்னு. அப்பால பேசு நீ."

வியாழக்கிழமை ஊரே பார்க்கத்தான் போகிறது என்று ஆகிவிட்டது. சாமியார் வீட்டுக்கு வந்து, "உட்காருறீங்களா?" என்று கேட்டபோது, "எடது காலு இருக்குது இல்ல," என்று சொல்லி அனுப்பினார். போன வருஷம் எல்லாரும் துள்ளினார்கள், அவர் துள்ளவில்லை. எங்கே தோற்றோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வியாழன் சாயங்காலம் அண்ணனை முன்னதாகவே ஆட்டோவில் கோயிலில் இறக்கிவிட்டேன். நான் குளித்துவிட்டு வழக்கம்போல் ஓடி வரும்போது கோயில் வாசலில் அண்ணி எதிரே வந்தாள். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். தளும்பித் தளும்பி அவள் புடவை நனைந்திருந்தது.

"இன்னா அண்ணி இது?"

"சாமியாருதான் தம்பி கேட்டாரு. போன வருஷம் மாதிரி சுடக்கூடாதாம். எங்க வூடுதானே கிட்ட. பானையில இருந்து மொண்டுகினு வந்தேன். வெட்டிவேர் போட்டது. நல்லா ஜில்லுனு இருக்குது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு அப்பவே உள்ள போயி ஒக்காந்துட்டாரே. ஏன்?"

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஓடிப்போய் என் யூதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே முதல் நாற்காலியில் சவுரி அண்ணன். இடது காலைத் தயாராக முன்னால் வைத்திருந்தார். வலது பக்கம் வேட்டி காலியாகத் தொங்கியது. அவரிடம் எப்படியாவது ஜாடை காட்டலாமா என்று தவித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் மண்டியிட்டார். பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, சொம்பைச் சாய்த்தார்.

"ஸ்ஸ்ஸ்! அப்பா... சுடுது சாமி!"

கோயில் முழுக்கக் கேட்டது. காலை இழுத்துக்கொண்டார். நாற்காலியே ஆடியது. முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, தண்ணீர் சுட்ட மனுஷன் என்னவெல்லாம் செய்வானோ அவ்வளவும் செய்தார். சாமியாரின் கை அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து துடைத்து, முத்தம் கொடுத்தார். போன வருஷத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

அடுத்தது வாத்தியார். தண்ணீர் பட்டதும் அவர் முகம் குளிர்ந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். பக்கத்தில் அண்ணன் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். திறந்த வாயை மாற்றிக்கொண்டு, "ஸ்ஸ்... ஆமா சாமி, சூடுதான்," என்று காலைச் சற்று இழுத்துக்கொண்டார். மூன்றாவது ஆளும் நெளிந்தான். நாலாவது ஆளும் நெளிந்தான். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பெரிய பெரிய ஆம்பளைகள், ஜில்லென்ற பானைத் தண்ணீருக்கு வரிசையாகத் துள்ளினார்கள். முன் வரிசைக்காரர்கள் சிரித்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையின் ஈரம் இன்னும் காயவில்லை.

கடைசியாக என்னிடம் வந்தார் சாமியார். வெட்டிவேர் வாசனை வந்தது. நாளெல்லாம் ஆட்டோ எஞ்சின் சூட்டில் வெந்த கால் எனக்கு. அந்தத் தண்ணீர் அதில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரே அண்ணன் என்னையே பார்த்தார். எலி தேடிய அன்று பார்த்த அதே பார்வை. நானும் "ஸ்ஸ்" என்றேன். அந்த நாற்காலியில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும், அன்றைக்குத்தான் அது எனக்குப் பொருத்தமாக இருந்தது.

பூசை முடிந்து இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றினேன். ஒரு தெருதான். அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "அந்தக் கோயில்பிள்ளைக்கு எத்தினி தபா சொல்றது, தொட்டித் தண்ணி வைக்காதன்னு. இன்னா சூடு! பாதமே எரியுது இன்னும்." வீட்டு வாசலில் நிறுத்தினேன். அண்ணி இறங்கவில்லை. அதற்குள் அவள் செல்போன் அடித்தது.

"புனிதாவா? எடு. நல்லா சொல்லு அவகிட்ட. அப்பாவுக்குத் தண்ணி சுட்டுச்சி, துள்ளிட்டாருன்னு சொல்லு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு இனிமே பேசக்கூடாது."

அண்ணி போனை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்து ஓய்ந்தது.

"இன்னாடி? ஏன் எடுக்கல?"

"அது பானைத் தண்ணிங்க," என்றாள்.

"எது?"

"சாமியாரு ஊத்துனது. நம்ப வூட்டுப் பானைத் தண்ணி. நான்தான் மொண்டுகினு போயிக் குடுத்தேன்."

அண்ணனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. முப்பது வருஷமாக அந்தக் கோபத்தைப் பார்த்தால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். இப்போது குனியவில்லை.

"ஒனக்கு இன்னா தெரியும்? பன்னண்டு பேரும் துள்ளுனாங்களே, அல்லாரும் பொய்யா? வாத்தியாரு பொய்யா? டேய் பிரான்சிஸு! நீ சொல்லுடா. சுட்டுச்சா இல்லியா?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அண்ணியின் முகமும் தெரிந்தது. சுவத்துப் பொந்தில் மாட்டியிருக்கும், காய்ந்தால் போய்விடும் என்று ஒருநாள் சொன்ன வாய்தான் இது. இந்தத் தடவையும் அப்படி ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"ஜில்லுனு இருந்துச்சிண்ணா," என்றேன்.

"ஒனக்கு ஆறிப்போயிருக்கும். கடேசி ஆளு நீ."

"மொதல்லருந்தே ஜில்லுன்னுதான்ணா. அல்லாருக்கும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வாத்தியார் எதற்காகத் துள்ளினார், மற்றவர்கள் எதற்காகத் துள்ளினார்கள் என்று ஒவ்வொரு நாற்காலியாக அவர் மனசுக்குள் போய்வருவது முகத்தில் தெரிந்தது. நான் எஞ்சினை அணைத்தேன். அண்ணன் மெதுவாகக் குனிந்து இடது பாதத்தைக் கையால் தொட்டார். கிள்ளினார். இன்னும் அழுத்திக் கிள்ளினார். பிறகு அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"ரொம்ப ஜில்லுனா இருந்துச்சி, ஜெசிந்தா?"

"ஆமாங்க," என்றாள் அண்ணி. அழுதுகொண்டிருந்தாள். "மொண்டப்பவே கை குளுந்துபோச்சிங்க. ரொம்ப நல்லா இருந்துச்சி."

அவர் தலையை ஆட்டினார். போன் மறுபடியும் அடித்தது.

"எடு," என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.